மலையில் மோதிய சிறு விமானம்: எஞ்சின் ஓடியதா, நின்றதா என்பதை எப்படி அறிகிறார்கள்?

சிறுமுகை வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டம் சிறுமுகைக்கு அருகே பவானி ஆற்றை ஒட்டியுள்ளது. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வரப்பில் நின்று பார்த்தால், வானம் தெளிந்த நாள்களில், நீலகிரியின் கீழைச் சரிவில் துருத்திக்கொண்டு நிற்கும் ரங்கசாமி மலை தெரியும். 1950 டிசம்பர் 13 அன்று கோவைக்கு வந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவின் டி.சி.3 விமானம் அந்தப் பகுதியில்தான் மோதியது, ஒருவர்கூடத் தப்பவில்லை. சிறு வயதில் அந்த மலையைக் காட்டி, "அங்கேதான் ஏரோப்ளேன் விழுந்தது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏன் விழுந்தது என்று விளக்கியவர் எவரும் இல்லை.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட விமானப் படை ஹெலிகாப்டர் குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தபோது, எங்கள் ஊர் டீக்கடையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எஞ்சின் நின்றுவிட்டது என்றார் ஒருவர். சதி என்றார் இன்னொருவர். ஆனால் ஐந்து வாரத்துக்கெல்லாம், இயந்திரக் கோளாறும் இல்லை, சதியும் இல்லை, அலட்சியமும் இல்லை என்று விசாரணைக் குழுவின் முதற்கட்ட முடிவு வெளியானது. அதில் கறுப்புப் பெட்டி இருந்தது. ஆகவே சொல்ல முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

என் ஐயம் சிறு விமானங்களைப் பற்றியது. நான்கு பேர் அமரும் பயிற்சி விமானங்களில் அந்தப் பெட்டி இருப்பதில்லை என்கிறார்கள். அப்படி ஒன்று ஆள் நடமாட்டமே இல்லாத மலைச் சரிவில் மோதி எரிந்தும் போய்விட்டால், மோதும் வரை எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா, இறக்கை வானிலேயே கழன்றதா என்பதையெல்லாம் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? அல்லது, இறந்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்ற துணிவில் விமானி மீது பழியைப் போட்டுக் கோப்பை மூடிவிடுகிறார்களா? என் அக்காள் மகள் விமானப் பயிற்சியில் சேர விண்ணப்பித்திருக்கிறாள். வீட்டில் அனைவரும் அஞ்சுகிறார்கள். எனக்கும் அச்சம் இல்லாமல் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ஸ்பானர் (ஓய்வு பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர், சிங்காநல்லூர்) எழுதியது:

ஐயா, தங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குகிறேன். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆம் இணைப்பு என்ற விதித்தொகுப்பின்படிதான் உலகெங்கும் இவ்விசாரணைகள் நடக்கின்றன. இனி இப்படி ஒரு விபத்து நேராமல் தடுப்பதே விசாரணையின் ஒரே நோக்கம், யார் மீதும் குற்றமோ பொறுப்போ சுமத்துவது அதன் வேலை இல்லை என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. நம் நாட்டில் 2012 முதல் இதற்கென்றே விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு தனியாக இயங்குகிறது. நடைமுறையில் எல்லா அறிக்கையும் அந்த நோக்கத்துக்கு நேர்மையாக இருக்கிறதா என்றால், நான் படித்தவற்றில் சில சோம்பேறித்தனமாகவே எழுதப்பட்டிருந்தன. ஆனால் கையில் ஆதாரம் இல்லாததால் அப்படி எழுத வேண்டியிருந்தது என்று சாக்குச் சொல்ல முடியாது. ஏனென்றால், உடைந்த விமானம் தானே ஒரு பதிவுக் கருவிதான்.

மலைக்குப் போய்ச் சேர்ந்தவுடன் புலனாய்வாளர் எதையும் தொடுவதில்லை. முதலில் நான்கு மூலைகளைத் தேடுவார்: மூக்கு, வால், இரண்டு இறக்கைகளின் நுனி. நான்கும் ஒரே இடத்தில், ஒன்றுக்கொன்று பொருந்தும் தொலைவில் கிடைத்தால், விமானம் முழு உருவோடுதான் மலைக்கு வந்து சேர்ந்தது என்று பொருள். ஓர் இறக்கை நுனியோ வால் பகுதியோ வந்த வழியில் அரை கிலோமீட்டர் பின்னால் கிடந்தால், உடைவு வானிலேயே தொடங்கிவிட்டது. அதன்பின் விசாரணை முற்றிலும் வேறு பாதையில் போகும்.

அடுத்து மரங்கள். சமவெளியில் விழுந்த விமானத்துக்குக் கிடைக்காத சாட்சி இது. முதல் மரத்தின் உச்சி எந்த உயரத்தில் ஒடிந்திருக்கிறது, அதற்கடுத்தது எந்த உயரத்தில், இடப்பக்கத்து மரம் வலப்பக்கத்தை விடத் தாழ்வாக ஒடிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அளந்து கோடு போட்டால், விமானம் எந்தக் கோணத்தில் இறங்கியது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது கிடைத்துவிடும். மட்டமாகப் பறந்து வந்து சரிவில் மோதியதற்கும், திரும்ப முயன்று வேகம் இழந்து தலைகுப்புற வீழ்ந்ததற்கும் மரங்களில் விழும் வடு ஒன்றுபோல் இருக்காது. முன்னது காட்டுக்குள் நீண்ட வகிடு எடுத்ததுபோல் இருக்கும். பின்னது ஒரே இடத்தில் குழி.

இனித் தாங்கள் கேட்ட எஞ்சின். அதற்குப் புரொப்பெல்லரை, அதாவது மூக்கில் சுழலும் விசிறியைப் பார்க்க வேண்டும்; அந்த விசிறியின் ஒவ்வொரு தகட்டுக்கும் அலகு என்று பெயர். நான் வேலை பார்த்த பயிற்சிப் பள்ளி ஒன்றில், இறங்கும்போது முன்சக்கரம் மடங்கி மூக்குக் குத்திய விமானத்தின் இரண்டு அலகுப் புரொப்பெல்லரைக் கழற்றிப் பட்டறைத் தரையில் வைத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஓர் அலகு மட்டும் பின்பக்கமாக, வாழை மட்டையை மடக்கியதுபோல மடங்கியிருந்தது. மற்ற அலகில் ஒரு கீறல்கூட இல்லை. எஞ்சின் அதற்கு முன்பே நின்றுவிட்டது என்பதை எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எஞ்சின் விசையோடு சுழலும்போது அடிபட்ட புரொப்பெல்லர் அப்படி இருக்காது. எல்லா அலகுகளிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி சேதம் இருக்கும். நுனி முன்பக்கமாக வளைந்து, அலகு முறுகி, பக்கவாட்டில் பார்த்தால் பாம்பு நெளிந்ததுபோல இருக்கும். கீறல்கள் அலகின் அகலவாக்கில் ஓடும். முன்விளிம்பில் கல் பட்ட பள்ளங்கள் இருக்கும். காட்டில் என்றால் இன்னொன்றும் உண்டு. சுழலும் அலகு, கிளைகளை அரிவாளால் சீவியதுபோல ஒரே சாய்வில் வெட்டிப் போடும். விமானியின் கண் கூசாமல் இருக்க அலகின் பின்முகத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள். அந்தச் சாயம் வெட்டு முகத்தில் ஒட்டியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

மண் இளகிய இடமாக இருந்தால் வேகத்தையும் கணக்கிடலாம். புரொப்பெல்லர் அலகுகள் மண்ணில் வரிசையாகக் கொத்திய தடங்களுக்கு இடையே 60 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றினால் வினாடிக்கு 40 சுற்று. இரண்டு அலகு என்பதால் வினாடிக்கு 80 கொத்து. ஆக வினாடிக்கு 48 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 173 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் போயிருக்கிறது.

எரிந்துபோனாலும் மிச்சம் இருக்கும். எச்சரிக்கை விளக்கின் பல்பை உருப்பெருக்கியில் பார்த்தால், எரிந்துகொண்டிருந்த பல்பின் இழை சூட்டில் இளகியிருந்ததால் மோதிய வேகத்தில் இழுபட்டு நீண்டிருக்கும். அணைந்திருந்த பல்பின் இழை வெடுக்கென்று ஒடிந்திருக்கும். மோதிய கணத்தில் வேகமானியின் முள் முகப்புத் தட்டில் அறைந்து விட்டுச் சென்ற சாயத் தடம், புற ஊதாக் கதிர் விளக்கில் தெரிவது உண்டு. எரிபொருள் தொட்டியில் பெட்ரோல் இருந்திருந்தால், மோதும் வேகத்தில் அது முன்னோக்கிப் பாய்ந்து இறக்கைத் தகட்டை உள்ளிருந்து புடைக்கச் செய்திருக்கும். காலித் தொட்டி வெறுமனே நசுங்கும். தீ வானில் பிடித்ததா, விழுந்தபின் பிடித்ததா என்பதற்கும் வழி உண்டு: நசுங்கி மடிந்த தகட்டை விரித்துப் பார்த்து, மடிப்பின் உட்புறம் கரி படியாமல் சுத்தமாக இருந்தால், தகடு மடிந்த பிறகுதான் தீ வந்தது.

ஒன்றே ஒன்று மட்டும் கையில் சிக்காது. கார்புரேட்டர் உள்ள எஞ்சின்களில், ஈரப்பதம் மிகுந்த காற்றில், வெளியே 20 டிகிரி வெப்பம் இருக்கும்போதுகூட உள்ளே பனிக்கட்டி படிந்து எஞ்சினை மூச்சுத் திணற வைக்கும். புலனாய்வாளர் மலையேறி வருவதற்குள் அந்தச் சாட்சி உருகிப் போய்விடும். அப்போது அந்நேரத்து வெப்பநிலையையும், காற்றின் ஈரம் பனித்துளியாகும் வெப்பநிலையான பனிநிலையையும், கார்புரேட்டர் சூடேற்றும் நெம்புகோல் எந்த நிலையில் கிடந்தது என்பதையும் வைத்துத்தான் ஊகிக்க முடியும்.

மேட்டுக்காடு (வால்பாறை, தேயிலைத் தோட்டப் பணி) எழுதியது:

பெரியவர் சொன்னவை அனைத்தும், புலனாய்வாளர் அந்த இடத்தை அடைந்த பிறகு நடப்பவை. அடைவதே எங்கள் மலைகளில் பெரும்பாடு என்பதைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு வரும் 40 கொண்டை ஊசி வளைவுச் சாலையை விட்டு இறங்கினால், சோலைக்காட்டுக்குள் பத்தடிக்கு அப்பால் நிற்கும் யானையே கண்ணுக்குத் தெரியாது; நொறுங்கிய சிறு விமானம் எப்படித் தெரியும்? மேலிருந்து பார்த்தால் மர முகடுகள் அதை விழுங்கி மூடிக்கொண்டிருக்கும். 2009 செப்டம்பர் 2 அன்று நல்லமலைக் காட்டில் காணாமல் போன ஆந்திர முதல்வரின் ஹெலிகாப்டர் மறுநாள்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 2019 ஜூன் 3 அன்று அருணாசலப் பிரதேசத்தில் மறைந்த விமானப் படையின் ஏ.என்.32 கண்ணில் பட எட்டு நாள் ஆனது. விமானத்தில் அவசர அலைபரப்பி உண்டு என்பார்கள். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குக் குறிப்பு அனுப்பும், அது பெங்களூரு மையத்துக்கு வரும். ஆனால் மலையில் மோதும் வேகத்தில் அதன் ஆன்டெனாக் கம்பி அறுந்துவிட்டால், பெட்டி பிழைத்துக் கிடந்தும் பேச வாய் இருக்காது.

இதற்கிடையில் மழை பெய்து மண் தடங்களைக் கரைக்கும். அக்கம்பக்கத்து மக்கள் உயிரோடு யாரேனும் இருக்கிறார்களா என்று தேடுவதற்காகத் தகடுகளைப் புரட்டுவார்கள். அதை விதியும் அனுமதிக்கிறது, மனிதத் தன்மையும் அதைத்தான் கேட்கிறது. சிதைவுகளை அசைக்கக் கூடாது என்ற விதிக்கு, ஆட்களை மீட்பதும் தீயை அணைப்பதும் விலக்கு. ஆனால் அலுமினியத் தகட்டை நினைவுப் பொருளாக வீட்டுக்கு எடுத்துச் செல்வது விலக்கில் வராது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லித்தான் வைக்க வேண்டும்.

காடு தரும் ஒரு சாட்சியைப் பெரியவர் விட்டுவிட்டார். சிந்திய எரிபொருள் பட்ட இலைகள் சில நாளில் கருகிப் பழுத்துவிடும். தீப்பிடிக்காத இடத்தில் மோதிய புள்ளிக்கு முன்னால் விசிறிபோல இலை கருகியிருந்தால், தொட்டியில் எரிபொருள் இருந்தது என்று கொள்ளலாம். களைக்கொல்லி தவறாகப் பட்ட தேயிலைப் பாத்தியைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு அது ஒரு பார்வையில் புரியும்.

வார்ப்படக்காரர் (பம்ப் பட்டறை, கணபதி) எழுதியது:

விமானத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உடைந்த இரும்பைப் படிப்பது எங்கள் பிழைப்பு. அதனால் இரண்டு வார்த்தை.

உத்தரவாதக் காலத்துக்குள் திரும்பி வரும் ஆழ்குழாய் மோட்டார்களில் தண்டு ஒடிந்து வருவது உண்டு. வாடிக்கையாளர், "நன்றாகத்தான் ஓடியது, திடீரென்று ஒடிந்துவிட்டது" என்பார். உடைந்த முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஒரு மூலையில் புள்ளிபோலத் தொடங்கி, அலை ஒதுங்கிய மணல்போல வளைவு வளைவாகக் கோடுகள் பரவி, கடைசியில் ஒரு சிறு பகுதி மட்டும் சொரசொரப்பாக இருந்தால், அது நாள்பட்ட களைப்பால் வந்த விரிசல். மாதக்கணக்கில் உள்ளுக்குள் வளர்ந்து, எஞ்சிய சதை தாங்காமல் அன்று ஒடிந்திருக்கிறது. முகம் முழுவதும் ஒரே மாதிரி சொரசொரப்பாகவும் விளிம்பு 45 டிகிரியில் கிழிந்தும் இருந்தால், ஒரே அடியில் ஒடிந்தது. விமான இறக்கையின் உத்திரமானாலும் எஞ்சினின் தண்டானாலும் உலோகத்தின் மொழி இதுதானே? மோதியதால் ஒடிந்ததா, ஒடிந்ததால் மோதியதா என்ற கேள்விக்கு இதை விட நேரான விடை இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் ரோட்டார் (சுழலும் பாகம்) திடீரென்று இடம் பெயர்ந்து ஸ்டேட்டாரில் (சுழலாமல் நிற்கும் பாகம்) உரசினால், உரசல் கோடு வட்டமாகச் சுற்றி ஓடும். நின்ற மோட்டாரை லாரியிலிருந்து கீழே போட்டால் ஒரே இடத்தில் நசுங்கல் மட்டும் இருக்கும். ஓட்டத்தில் உரசியதற்கும் கீழே போட்டதற்கும் வேறுபாடு தெரியாதவனை நாங்கள் பட்டறையில் வைத்துக்கொள்ள மாட்டோம்.

பழைய ஸ்பானர் எழுதியது:

வார்ப்படக்காரர் அறியாமலே ஒரு முக்கியமான சோதனையைச் சொல்லிவிட்டார். விமானம் மட்டமாக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று மேகத்துக்குள் விமானிக்குக் காட்டும் கருவியின் உள்ளே பித்தளைச் சக்கரம் ஒன்று அதிவேகமாகச் சுழலும். சிதைவிலிருந்து அதை எடுத்து உறையைப் பிரித்து, உட்சுவரில் வட்டக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கோடு இருந்தால் மோதும் கணத்தில் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. இல்லையென்றால் கருவி முன்பே செத்துவிட்டது, விமானி குருடராகப் பறந்திருக்கிறார். கட்டுப்பாட்டுக் கம்பிவடங்களும் அப்படியே: இழுபட்டு அறுந்த முனை துடைப்பக் குச்சிபோல விரிந்திருக்கும்; அரித்துத் தேய்ந்து அறுந்ததற்கு வேறு முகம்; மீட்புக் குழு வெட்டியதற்கு வேறு முகம்.

சிறுமுகை வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் உறுத்துகிறது. இத்தனை சோதனையும் செய்து, எஞ்சின் ஓடியது, இறக்கை இருந்தது, கருவி சுழன்றது, எரிபொருளும் இருந்தது என்று முடிந்துவிட்டால், நன்றாக இருந்த விமானத்தை ஒருவர் ஏன் மலையில் கொண்டுபோய் மோதுகிறார்? அங்கே மறுபடியும் விமானியின் தவறு என்ற ஒற்றைச் சொல்லில்தானே வந்து நிற்கிறோம்?

காற்றுச் சட்டை (விமானப் பயிற்றுநர்) எழுதியது:

தாங்கள் கேட்டதுதான் மலை விபத்துகளின் மையக் கேள்வி. அதற்குத் துறையில் ஒரு பெயரே உண்டு: விமானியின் கட்டுப்பாட்டில் இருந்தபடியே தரையில் மோதுதல். குன்னூர் விபத்தில் விசாரணைக் குழு முதலில் சொன்னதும் இதுவே. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் மாறிய வானிலையால் மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசையுணர்வு குழம்பி, அதன் விளைவாக மோதியது என்றார்கள். 11.48-க்குச் சூலூரில் கிளம்பி 12.15-க்கு வெலிங்டனில் இறங்க வேண்டியது, 12.08-க்குத் தொடர்பு அற்றது. ஏழு நிமிடம்தான் மிச்சம். 2022 மே 29 அன்று நேபாளத்தில் பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குப் போன தாரா ஏர் ட்வின் ஆட்டர் விமானமும் 22 பேரோடு இப்படியே மேகத்துக்குள் வழியைக் கண்காணிக்கத் தவறி மலையில் மோதியது.

மேகத்துக்குள் போனால் உடல் பொய் சொல்லும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, மெதுவாகத் தொடங்கும் சாய்வை உணராது. விமானம் திரும்பிக்கொண்டே இறங்குகிறது, நாம் நேராகப் போவதாக உணர்கிறோம். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவி பார்த்துப் பறக்கப் பயிலாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். அனைவருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்குச் சராசரியாக ஆன நேரம் 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

அப்படியென்றால் மேகத்தைக் கண்டவுடன் திரும்பிவிட வேண்டியதுதானே என்பீர்கள். மலைப் பள்ளத்தாக்கில் திரும்புவதற்கு இடம் வேண்டும். 90 நாட் (மணிக்கு ஏறத்தாழ 167 கிலோமீட்டர்) வேகத்தில் 30 டிகிரி சாய்த்துத் திரும்பினால், விமானம் வரையும் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 750 மீட்டர். அதே சாய்வில் 120 நாட் என்றால் 1,350 மீட்டர் ஆகிவிடும். பயந்தவர் வேகத்தைக் கூட்டுவார். கூட்டக் கூட்டப் பள்ளத்தாக்கு அவருக்கு ஒடுங்கும். மேலே ஏறித் தப்பலாம் என்றால், எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். உதகையின் உயரம் 7,350 அடி. அங்கே வெப்பநிலை 20 டிகிரி இருந்தால் விமானத்தின் கணக்கில் அது 9,700 அடிக்கு நிகரான மெல்லிய காற்று. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே தன் திறனில் கால் பங்குக்கு மேல் இழந்திருக்கும்.

இதோடு நம் பகுதிக்கே உரிய காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று, மலை முகட்டைத் தாண்டும் இடங்களில் மறுபக்கம் அருவிபோலக் கீழே கொட்டும். கடல் மட்டத்திலேயே நிமிடத்துக்கு 700 அடி போல ஏறக்கூடிய சிறு விமானம், நிமிடத்துக்கு 1,000 அடி இறங்கும் காற்றுக்குள் அகப்பட்டால், மூக்கை மேலே தூக்கி முழு விசை கொடுத்தபடியே இறங்கிக்கொண்டிருக்கும். சிதைவைப் பார்க்கிறவருக்கு எஞ்சின் முழு விசையில் ஓடியது என்று தெரியும். கீழே தள்ளிய காற்று எந்தத் தகட்டிலும் வடு விடுவதில்லை.

ஆகையால் நல்ல புலனாய்வாளர் பள்ளத்தாக்கோடு நிற்பதில்லை, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிப் போவார். காலையில் வானிலைக் குறிப்பை வாங்கிப் பார்த்தார்களா, அதை யார் படித்தார்கள், அன்றே போயாக வேண்டும் என்ற நெருக்கடி யாரிடமிருந்து வந்தது, முந்தைய நாள் விமானி எத்தனை மணி நேரம் தூங்கினார், இதே வழியில் மேகத்துக்கு அடியில் நுழைந்து போவது அந்த நிறுவனத்தில் வழக்கமாகவே இருந்ததா என்று கேட்பார். விமானியின் கைபேசியும், மடியில் வைத்திருந்த டேப்லெட்டும், கையடக்க ஜி.பி.எஸ். கருவியும் நொறுங்கியிருந்தாலும், உள்ளிருக்கும் நினைவகச் சில்லு பிழைத்திருந்தால் பாதை முழுவதும் கிடைக்கும். விமானியின் தவறு என்ற சொல்லோடு ஓர் அறிக்கை நின்றுவிட்டால், என்னைப் பொறுத்தவரை அது பாதி அறிக்கை.

எண்கணக்கு (புள்ளியியல் ஆசிரியர், ஈரோடு) எழுதியது:

கேட்டவர் ரங்கசாமி மலையில் தொடங்கியதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1950-ல் அங்கே மோதிய விமானத்தில் ஆபிரகாம் வால்ட் என்ற கணித அறிஞரும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். இந்திய அரசின் அழைப்பின் பேரில் சொற்பொழிவுப் பயணமாக வந்திருந்தார்.

புள்ளியியல் படித்தவர்களுக்கு அவர் பெயர் விமானங்களோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். இரண்டாம் உலகப் போரில், குண்டு பட்டுத் திரும்பிய விமானங்களின் சேதத்தை வைத்து எந்தப் பகுதி ஆபத்தானது என்று கணிப்பதற்கு வழி வகுத்தவர் அவர். துளைகள் மிகுந்த இடத்தைத்தான் வலுப்படுத்த வேண்டும் என்று எவருக்கும் தோன்றும். ஆனால் அந்த விமானங்கள் துளைகளோடு திரும்பி வந்துவிட்டன. எஞ்சினில் அடிபட்டவை திரும்பவே இல்லை, ஆகவே கணக்கில் வரவில்லை. துளை காணப்படாத இடம்தான் கவலைக்குரியது. அப்படிச் சொன்னவரின் உயிரைக் கொண்டுபோன விமானம், வழிகணிப்பில் நேர்ந்த பிழையால் உயரமான நிலத்தில் மோதியது என்று பதிவாகியிருக்கிறது.

பயிற்றுநர் சொன்னதில் ஒரு திருத்தம் கேட்கிறேன். விசாரணைகள் எல்லாமே திரும்பாத விமானங்களைப் பற்றியவை. இது வால்ட் கண்ட சிக்கலின் மறுபக்கம். மேகத்துக்குள் நுழைந்து, எப்படியோ மறுபக்கம் வெளியே வந்து, இறங்கி டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் எந்த அறிக்கையிலும் இல்லை. எத்தனை பேர் அப்படித் தப்பினார்கள் என்று தெரியாமல், எந்தத் தவறு எவ்வளவு ஆபத்தானது என்று கணிக்க முடியாது. நூலிழையில் தப்பியவர்கள் தண்டனைக்கு அஞ்சாமல் தாமாக முன்வந்து எழுதித் தர வழி இருந்தால் ஒழிய, இத்துறையின் கணக்கு ஒருபக்கக் கணக்குதான்.

காற்றுச் சட்டை எழுதியது:

ஏற்கிறேன். அப்படித் தப்பியவர்களில் நானும் ஒருவன். இருபது ஆண்டுகளுக்கு முன் மேட்டுப்பாளையத்துக்கு மேலே, மேகத்தில் ஒரு ஓட்டை தெரிகிறது என்று நம்பி நுழைந்தேன், ஓட்டை மூடிக்கொண்டது. கருவியை மட்டும் பார்த்து, வந்த திசைக்கு நேர் எதிராகத் திரும்பி வெளியே வந்தேன். கீழே இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எவரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதுவதுதான் முதல் முறை.

சிறுமுகை வாசி எழுதியது:

அனைத்தையும் அக்காள் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். அஞ்சுவாள் என்று நினைத்தேன். அவள் காகிதமும் பேனாவும் எடுத்து 120 நாட்டுக்கான வட்டத்தைத் தானே கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, கல்லாற்றுப் பள்ளத்தாக்கு எவ்வளவு அகலம் என்று வரைபடத்தில் அளக்கத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு ஐயம் இரண்டு: அறிக்கை வர எவ்வளவு நாள் ஆகும்? விசாரணை முடிந்தபின் அந்தச் சிதைவுகள் எங்கே போகின்றன?

பழைய ஸ்பானர் எழுதியது:

முதற்கட்ட அறிக்கைக்கு 30 நாள். இறுதி அறிக்கையை இயன்றவரை 12 மாதத்துக்குள் வெளியிட வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் தாமதமாகும். சிதைவுகளை ஹெலிகாப்டரிலோ தலைச்சுமையாகவோ இறக்கி, கொட்டகையில் விமானத்தின் உருவத்துக்குப் பரப்பிவைத்துச் சோதித்தபின், உடைமையாளரிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ ஒப்படைத்துவிடுவார்கள். பிறகு பெரும்பாலும் பழைய இரும்புக் கடைதான்.

நான் முன்பு சொன்ன அந்தப் புரொப்பெல்லர் மட்டும் அங்கே போகவில்லை. பள்ளியின் வகுப்பறைச் சுவரில் மாட்டிவிட்டோம். புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவரையும் அதன் முன்னால் நிறுத்தி, எஞ்சின் ஓடியதா நின்றதா என்று கேட்பது அங்கே வழக்கம். தங்கள் அக்காள் மகள் எந்தப் பள்ளியில் சேரப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அங்கேதான் என்றால், விடையை நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன் என்று அங்கே மூச்சுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.